விட்டு வாசித்த வரிகள்

கொழும்பு, மருதானை
14.8.1927

அன்புத் தங்கை மஹ்மூதாவுக்கு நானா கபூர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நபீலாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். நபீலாவின் இருமல் இந்த மாதம் கொஞ்சம் தணிந்திருக்கிறது. உன் முழங்கால் வலி எப்படி? மச்சான் மக்கீனும் மகள் மர்லியாவும் சுகமாய் இருக்க துஆச் செய்கிறோம்.

அச்சகத்தில் எனக்கு ஒரு பெரிய வேலை வந்து மாட்டியிருக்கிறது. ரத்தினபுரிப் பக்கம் முப்பது வருஷம் தோட்டம் நடத்திய ஒரு வெள்ளைக்காரத் துரை, இங்கிலீஷ் வினைச்சொற்களுக்கு இந்நாட்டுப் பாஷைகளிலெல்லாம் பொருள் எழுதிப் புத்தகம் போடுகிறார். அதில் தமிழ் எழுத்துக் கோப்பது நான்.

இந்த வாரம் 'ரீட்' என்ற சொல். வாசிப்பது. சின்னச் சொல்தான், ஆனால் நாலு பக்கம் போகிறது. ஆதிகாலத்து இங்கிலீஷில் அதற்குப் புத்தி சொல்வது, விடுகதைக்கு விடை காண்பது என்றுதான் பொருளாம். சிங்களவர் 'கியவனவா' என்கிறார்களே, அதன் அடிப்பொருள் சொல்ல வைப்பது. நம்முடைய 'வாசி'யும் வடமொழியில் பேச வைப்பது என்ற சொல்லிலிருந்து வந்ததாம். எங்கள் மெஷின்காரர் மலாய்க்காரர், அவர் 'பாச்சா' என்கிறார், அதற்கும் அதே வேராம். எல்லாருமாகச் சேர்ந்து காகிதத்தைப் பேச வைக்கிறோம், பார்த்தாயா!

ஆனால் துரை உதாரணத்துக்கு எழுதியிருப்பதைக் கேள். 'கூலிக்கு வாசிக்கத் தெரியாது. இதைக் கூலிக்கு வாசித்துக் காட்டு.' எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முப்பது வருஷம் அந்த ஆட்களின் உழைப்பில் சாப்பிட்டுவிட்டு, தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கொட்டில் போட்டு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க மனம் வராதவர், தெரியாது என்று புத்தகம் போடுகிறார். 'ஓது' என்ற சொல்லையே காணோம். எட்டு வயதில் குர்ஆனை ஓதி முடித்த உன்னைப் போன்றவர்கள் அவர் கண்ணில் படவே இல்லை. அச்சகத்துப் போர்மனிடம் போய்ச் சொன்னேன். "அச்சுக் கோக்கிறவனுக்கு அபிப்பிராயம் எதுக்கு?" என்றார்.

இனி முக்கியமான விஷயம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்தபோது உன் குசினியில் அடுப்பருகே வைத்து நான் சொன்ன பள்ளிக்கூடத்தை விசாரித்துவிட்டேன். நம் பெண் பிள்ளைகளுக்கென்றே நடப்பது. சொல்லிக்கொடுப்பவர்களும் பெண்கள். ஜனவரி பதினாறாம் தேதி திறக்கிறார்கள். மர்லியாவுக்குப் பன்னிரண்டு முடிகிறது, இனியும் தாமதித்தால் சேர்க்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கட்டும், நபீலாவுக்கும் துணையாக இருக்கும். மச்சானிடம் பேசிவிட்டு உன் முடிவை எழுது. வஸ்ஸலாம்.

உன் நானா,
கபூர்


யட்டியாந்தோட்டை
5.9.1927

என் அன்பான நானாவுக்கும் நபீலா மதினிக்கும் தங்கை மஹ்மூதாவின் சலாம். வழமைபோல் நான் சொல்லச் சொல்ல உங்கள் மச்சான் எழுதுகிறார். நாங்கள் மூவரும் சுகம். முழங்கால் மழைக்கு வலிக்கிறது, வெயிலுக்கு மறந்துவிடுகிறது. மதினியின் இருமலுக்குக் கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் அவித்துக் கொடுங்கள்.

ஆற்றில் வெள்ளம் கடைத்தெரு விளிம்பு வரை வந்து திரும்பிப் போனது. ரப்பர் மரங்களில் மூன்று நாள் பால் வெட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆட்கள் வழக்கம்போல் இந்தியாவிலிருந்து வந்த கடிதங்களை வாசிக்கச் சொல்லி நம் துணிக்கடை வாசலில் நின்றார்கள். உங்கள் கடிதத்தை வாசிக்கக் கேட்டுச் சிரித்தேன். காகிதத்தைப் பேச வைக்கிறவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார் என்றேன். உங்கள் மச்சானுக்கு ஒரே பெருமை.

நபி பிறந்த மவ்லூது மாதமாகையால் அயல் வீட்டுப் பெண்கள் கூடினார்கள். அறபுத்தமிழ்க் கிதாபைக் கையில் கொடுத்து என்னையே ஓதச் சொன்னார்கள். தொண்டை கட்டிவிட்டது. கித்துள் கருப்பட்டி பத்து வட்டு அனுப்புகிறேன். உங்கள் துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
மஹ்மூதா


கொழும்பு
12.9.1927

தங்கை மஹ்மூதாவுக்கு சலாம். நாங்கள் சுகம். கருப்பட்டி வந்தது, மூன்று வட்டு உடைந்திருந்தாலும் ருசி உடையவில்லை. உன் கைவைத்தியத்தால் நபீலா இப்போது இரவில் தூங்குகிறாள்.

ஆனால் உன் மேல் எனக்குக் கோபம். வெள்ளம் எழுதினாய், மவ்லூது எழுதினாய், மர்லியாவைப் பற்றி ஒரு வரி இல்லை. மறந்தாயா, மச்சான் சம்மதிக்கவில்லையா? எதுவானாலும் சொல். நான் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரிடம் வாக்குக் கொடுத்து இடம் பிடித்து வைத்திருக்கிறேன். உன் மகளுக்காகப் பிடித்த இடத்துக்கு நீயே பதில் சொல்லாவிட்டால் எப்படி?

துரைக்குத் திருத்த அனுப்பிய புரூப் திரும்பி வந்தது. அந்தக் கூலி வாக்கியத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பியிருந்தேன். துரை அதை அழித்து, 'சரியாகவே உள்ளது' என்று எழுதியிருக்கிறார். போர்மன் எனக்கு அரை நாள் ஏச்சு.

உடனே பதில் போடு. எல்லாருக்கும் எங்கள் சலாம்.

கபூர்


யட்டியாந்தோட்டை
10.10.1927

மரியாதைக்குரிய சகோதரர் கபூர் அவர்களுக்கு மஹ்மூதா எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். தங்கள் நலம் அறிய ஆவல்.

மர்லியாவைக் கொழும்புக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை. வயதுக்கு வரப்போகும் பெண் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் அவசியமில்லை. நான் படிக்காமல் எந்தக் குறையுமில்லாமல் வாழ்கிறேன். நல்ல இடமாகப் பார்த்துக் கொடுப்பதே பெற்றோர் கடமை. தயவுசெய்து இனி இவ்விஷயமாக எழுத வேண்டாம்.

தங்கள் சகோதரி,
மஹ்மூதா


கொழும்பு
13.10.1927

மஹ்மூதா,

சலாம். நாங்கள் சுகமாக இருக்கிறோமா என்று நீ உண்மையில் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உன் கடிதத்தை ஐந்து தடவை வாசித்தேன். 'மரியாதைக்குரிய சகோதரர்' நான். நானா என்று கூப்பிட நாக்குக் கூசுகிறதா?

நீ மறந்திருக்கலாம். எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கு ஒன்பது வயது. லெப்பையிடம் ஓதிவிட்டு வந்து, என் மூங்கில் பேனையைத் திருடி, கிதாபைப் பார்த்துப் பலகையில் எழுதிப் பழகினாய். வாப்பா கண்டுவிட்டார். பேனையை இரண்டாக முறித்து அடுப்பில் போட்டார். "பொம்புளப் புள்ளைக்கு ஓத்து போதும். எழுத்து எதுக்கு? யாருக்குக் காயிதம் எழுத?" என்றார். நீ இரண்டு நாள் சோறு தின்னவில்லை. உம்மா உன்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அந்தச் சிறுமியா இப்போது குறையில்லாமல் வாழ்கிறேன் என்கிறாள்?

வாப்பாவுக்கு அந்தக் காலத்துப் பயம். உனக்கு என்ன வந்தது? உனக்குக் கிடைக்காதது உன் மகளுக்கும் கிடைக்கக்கூடாது என்ற பொறாமையா? கூலிக்கு வாசிக்கத் தெரியாது என்று எழுதிய துரைக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? அவராவது அந்நியர்.

மனம் மாறும் வரை எனக்கு எழுதாதே. நோன்புப் பெருநாளுக்கும் என்னை எதிர்பார்க்காதே.

கபூர்


யட்டியாந்தோட்டை
20.11.1927

மதிப்புக்குரிய கபூர் ஐயா அவர்களுக்கு வணக்கம். தாங்களும் குடும்பத்தாரும் சௌக்கியமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன். என் பெயர் நாகலிங்கம். யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தின் லயத்துப் பள்ளிக்கூட உபாத்தியாயர். தங்களுக்கு என்னைத் தெரியாது.

எங்கள் தோட்டத்தில் பால் வெட்டும் தங்கம்மா என்ற பெண் துணி வாங்கத் தங்கள் மைத்துனர் கடைக்குப் போகிறவள். இன்று அவள் என்னிடம் வந்து, தங்கள் தங்கையார் பின்கதவு வழியாகக் கூப்பிட்டுச் சொல்லியனுப்பிய செய்தியைக் கடிதமாக எழுதும்படி கேட்டாள். பிறர் வீட்டு விஷயத்தில் தலையிடுவதாக நினைக்க வேண்டாம். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், நானாக ஒன்றும் சேர்க்கவில்லை.

"மொதலாளி அம்மா அழுவுறாங்க சார். அவுங்க அண்ணன் பெருநாளைக்கு வந்தப்ப, பாப்பாவக் கொழும்புல படிக்க வைக்கிறேன்னு வாக்குக் குடுத்துட்டுப் போனாராம். அதுக்கப்புறம் ரெண்டு காயிதத்துலயும் இவுங்க, 'பள்ளிக்கூடம் என்னாச்சு நானா, புள்ளைய எப்ப அனுப்பட்டும்'னு கேட்டு எழுதச் சொன்னாங்களாம். அவரு வெள்ளைக்கார தொரை, புஸ்தகம், கருப்பட்டி எல்லாம் எழுதுறாராம், பள்ளிக்கூடத்தப் பத்தி மட்டும் மூச்சு விட மாட்டேங்குறாராம். இப்ப ஒரு மாசமா காயிதமே வரலியாம். 'நான் ஆக்கிப்போட்ட சோத்துல கொறையா, சொல்லுல கொறையா, நானாவுக்கு என் மேல என்ன கோவம்'னு கேக்கச் சொன்னாங்க. ரத்தினபுரிலேருந்து மாப்புள வீட்டு ஆளுங்க வந்து போறாங்களாம், சீக்கிரம் பதில் வேணுமாம்."

இவ்வளவுதான். தாங்கள் பதில் எழுதுவதானால் என் பெயருக்கு எழுதலாம். தங்கம்மா கொண்டுபோய்க் கொடுப்பாள்.

இப்படிக்கு,
நாகலிங்கம்


கொழும்பு
24.11.1927

மக்கீன் மச்சானுக்கு,

சலாம் சொல்லாமல் கடிதம் தொடங்கக்கூடாது என்பதால் சொல்கிறேன். சுகம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

ஆகஸ்டிலிருந்து மூன்று கடிதத்தில் மர்லியாவின் பள்ளிக்கூடத்தைப் பற்றி என் தங்கைக்கு எழுதினேன். முதல் இரண்டிலும் அந்த வரிகள் வந்ததும் நீர் தாண்டிப் போயிருக்கிறீர். மூன்றாவதை வாசிக்கவே இல்லை. அவள் கேட்கச் சொன்னதை எழுதாமல் விட்டீர். அதோடு நின்றீரா? அவள் சொல்லாததை அவள் பெயரால் எழுதினீர். 'எனக்கு விருப்பமில்லை' என்று எழுதும்போது அவள் பக்கத்து அறையில் உமக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாளா?

அந்தப் பொய்க் கடிதத்தை நம்பி அவளை என்னென்னவோ ஏசிவிட்டேன். பொறாமைக்காரி என்றேன். அவள் காதில் விழாவிட்டாலும், என் கை அதை எழுதிவிட்டது. இந்தப் பாவம் உம்முடையது.

ஞாயிறுதோறும் உம் கடை வாசலில் கடிதத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் தோட்டத்து ஏழைகளுக்கும் இப்படித்தான் வாசிக்கிறீரா? பதில் சொல்லும்.

கபூர்


யட்டியாந்தோட்டை
12.12.1927

கபூர் மச்சானுக்கு வஅலைக்கும் ஸலாம். அல்லாஹ் உமக்கு உடல்நலத்தோடு பொறுமையையும் தரட்டும்.

ஆமாம், விட்டு வாசித்தேன். எதற்கு மறைக்க வேண்டும்? போன வருஷம் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு இந்தியாவிலிருந்து கடிதம் வந்தது. அவள் தாய் இறந்த செய்தி. 'எல்லாரும் சுகம்' என்று வாசித்தேன். பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் கூப்பிட்டு முழுவதையும் வாசித்தேன். அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அதை உம்மிடம் சொன்னபோது, "நீர் மனுஷன் மச்சான்" என்று என் தோளில் தட்டினீர். கடை வாசலில் செய்தால் புண்ணியம், என் வீட்டில் செய்தால் பாவமா? ஆதியில் 'ரீட்' என்றால் புத்தி சொல்வது என்று நீர்தானே எழுதினீர்? அதைத்தான் செய்தேன்.

மர்லியா என் மகள். ரத்தினபுரி மஷூர் குடும்பம் மாணிக்க வியாபாரம், தொழுகையுள்ள மனிதர்கள். நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ் பேசியிருக்கிறோம். நடுவில் பிள்ளை கொழும்பு போனால் கடைத்தெரு என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். உமக்கு அந்தக் கவலை இல்லை, கொழும்பில் யார் மகள் எங்கே போகிறாள் என்று யாரும் பார்ப்பதில்லை.

இவ்வளவு கோபப்படுகிறீரே, ஒன்று கேட்கிறேன். உம் தங்கை அறபுத்தமிழ்க் கிதாபு எதைக் கொடுத்தாலும் தட்டாமல் ஓதுகிறாள். நம் தமிழ்தான், எழுத்து மட்டும் அறபு. அவள் வாசிப்பதைக் கேட்கப் பெண்கள் பாய் போட்டு உட்காருகிறார்கள். அந்த எழுத்து உமக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒரே லெப்பையிடம் ஓதினீர்கள். கல்யாணமான இந்தப் பதினாலு வருஷத்தில் அவளுக்கு அந்த எழுத்தில் ஒரு கடிதமாவது எழுதினீரா? அச்சகத்து வேலை கிடைத்ததும் அது லெப்பை எழுத்தாகிப் போனது, பெண்கள் எழுத்தாகிப் போனது. அவளுக்குத் தெரியாத எழுத்தில் எழுதி என் கையில் கொடுத்தவர் நீர். நான் வாசிக்க வேண்டும் என்றுதானே கொடுத்தீர்? வாசித்தேன்.

மக்கீன்


கொழும்பு
20.12.1927

என் தங்கை மஹ்மூதாவுக்கு, நானா கபூர் அறபுத்தமிழில் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு உடம்பு சுகம், மனம் சுகமில்லை. நபீலா உனக்குத் தனியாக சலாம் சொல்லச் சொன்னாள். நாகலிங்கம் உபாத்தியாயருக்கு அனுப்பி, தங்கம்மா கையால் இது உன்னிடம் வரும். யாரிடமும் கொடுக்க வேண்டாம். நீயே ஓதிக்கொள்.

என் எழுத்து கோணலாக இருக்கும். வலமிருந்து எழுதிப் பல வருஷமாயிற்று. இரண்டு எழுத்து மறந்துபோய், பள்ளிவாசல் முஅல்லிமிடம் போய்க் கேட்டேன். சிரித்தார்.

நான் உன்னை மறக்கவில்லை. ஆகஸ்டிலிருந்து மூன்று கடிதத்திலும் மர்லியாவைக் கேட்டேன். இடம் பிடித்து வைத்திருக்கிறேன், ஜனவரி பதினாறு பள்ளிக்கூடம். மச்சான் அந்த வரிகளை விட்டு வாசித்தார். உன் கேள்வியை எழுதவில்லை. உனக்கு விருப்பமில்லை என்று உன் பெயரால் அவரே எழுதினார். பெருநாள் கழித்து மஷூர் வீட்டில் பிள்ளையைக் கொடுக்கப் பேசி முடித்திருப்பதாக எனக்கு எழுதியிருக்கிறார்.

அவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அவர் கேட்ட ஒரு கேள்வி நியாயமானது. உனக்கு ஓதத் தெரியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பதினாலு வருஷம் உனக்குத் தெரியாத எழுத்தில் எழுதினேன். தமிழ் அச்சுக் கோப்பவன் என்ற கர்வம். கூலிக்கு வாசிக்கத் தெரியாது என்று எழுதிய துரையோடு நாலு மாதம் சண்டை போட்டேன். அந்தப் பக்கம் போன வாரம் அப்படியே அச்சாகிவிட்டது. அதைக் கோத்த கையாலேயே இதை எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

அக்டோபரில் நான் எழுதிய கடிதம் ஒன்று மச்சானிடம் இருக்கும். அதை நீ கேட்க வேண்டாம். கோபத்தில் எழுதியது. கிழித்துப் போடச் சொல்.

மர்லியா விஷயத்தில் நீ என்ன சொன்னாலும் அது எனக்கு உத்தரவு. எப்படியாவது சொல்லியனுப்பு. வஸ்ஸலாம்.

நானா


யட்டியாந்தோட்டை
6.1.1928

நானாவுக்கு சலாம். சுகம். இதை நானே எழுதுகிறேன்.

பன்னிரண்டு நாளாக எழுதுகிறேன். மர்லியா மூங்கில் சீவித் தந்தாள். கிதாபை விரித்து வைத்து, வேண்டிய எழுத்தை அதில் தேடி, பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். நீங்கள் ஈய எழுத்துப் பொறுக்குவது போலத்தான். தப்பு இருந்தால் இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தைத் தங்கம்மா ஞாயிற்றுக்கிழமை தந்தாள். குசினியில் நின்று ஓதினேன். பிறகு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். வாசலில் தோட்டத்து ஆட்கள் கடிதங்களோடு நின்றார்கள். அவருக்கு முன்னால் நின்று சத்தமாக முதலிலிருந்து முடிவு வரை ஓதினேன். ஒரு வரி விடவில்லை. அவர் விட்டு வாசித்தார் என்று நீங்கள் எழுதியதையும் ஓதினேன், உங்கள் கர்வத்தையும் ஓதினேன். தங்கம்மாதான், "எங்க காயிதத்தையும் இப்புடித்தான் படிச்சீங்களா மொதலாளி?" என்று கேட்டாள். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று அவர் யாருக்கும் வாசிக்கவில்லை.

பதின்மூன்றாம் தேதி வெள்ளி ரயிலில் நீங்களே வந்து மர்லியாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் என்னோடு பேசுவதில்லை. ஆனால் பிள்ளைக்கு நாலு சட்டைத் துணி வெட்டி வைத்திருக்கிறார். ரத்தினபுரிக்குச் சொல்லியனுப்பினாரா என்று நான் கேட்கவில்லை. சொல்லாவிட்டால் நான் எழுதுவேன். அந்த வீட்டுப் பெண்களுக்கும் ஓதத் தெரியும்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான் நானா. அவர் நாலு மாதம் விட்டு வாசித்தார். நீங்கள் பதினாலு வருஷம் என்னை விட்டு எழுதினீர்கள்.

அவருடைய மேசை இழுப்பறைச் சாவியை வாங்கிவிட்டேன். உங்கள் பழைய கடிதங்கள் எல்லாம் இப்போது என் பெட்டியில். ஒன்றையும் கிழிக்கவில்லை. அந்த அக்டோபர்க் கடிதத்தையும் கிழிக்கவில்லை. மர்லியா தமிழ் எழுத்துப் படித்துவிட்டு லீவுக்கு வரட்டும். முதல் கடிதத்திலிருந்து ஒவ்வொன்றாக அவள் வாசிக்க நான் கேட்பேன். அக்டோபருக்கு வரும்போது உங்களுக்குப் பதில் எழுதுவேன்.

மஹ்மூதா